காய்ச்சலுக்கு மட்டும் தெரிந்த இங்கிலீஷ்

எங்கள் தலைமுறைக்கு இங்கிலீஷில் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த வியாதி ஒன்றுதான் இருந்தது, அது காய்ச்சல். 'அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கி, 'ஐ கைண்ட்லி ரெக்வஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ்' என்று குனிந்து, 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று கைகட்டி நிற்கும் அந்தக் கடிதத்தை நீங்களும் எழுதியிருப்பீர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் இன்றைக்கும் தடங்கல் இல்லாமல் சொல்வீர்கள். தங்கச்சிமடத்தில் எழுபதுகளின் கடைசியில் பள்ளிக்கூடம் போன எங்களுக்கு வயிற்றுவலி வந்தது, பல்வலி வந்தது, பாட்டி செத்துப்போனாள், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு வள்ளம் புறப்பட்டது; எது நடந்தாலும் கடிதத்தில் மட்டும் காய்ச்சல்தான் அடித்தது. அந்தத் திருவிழா சமயத்தில் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே நாளில் காய்ச்சல் கண்டு, ஒரே நாளில் இறங்கும். ஹெட்மாஸ்டரும் கப்பல் தொற்றுநோயைப் பார்க்கும் டாக்டரின் முகபாவத்தோடு எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்.

காரணம் பொய் சொல்லும் ஆசை இல்லை, வினைச்சொல் பயம். 'அப்பாவின் படகு நேற்று ராத்திரி கரைக்கு வரவில்லை, அம்மா கடற்கரையில் உட்கார்ந்திருக்கிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை' என்ற உண்மையை எழுதப் போனால், அதில் எத்தனை 'ஹேஸ்', எத்தனை 'ஹேட்', 'நாட்' எந்த இடத்தில், அதற்குப் பின்னால் வருவது 'கம்'மா 'கேம்'மா என்று அடிக்கு அடி ஆபத்து. காய்ச்சலில் அந்தத் தொல்லையே கிடையாது. யாரோ எந்தக் காலத்திலோ சரியாக எழுதி வைத்துவிட்டுப் போன வாக்கியம் அது. தேதியை மட்டும் நாங்கள் மாற்றிக்கொண்டோம்.

அப்போது தீவுக்கு ரோட்டுப் பாலம் இல்லை. 1914-இல் திறந்த ரயில் பாலம் ஒன்றுதான் எங்களுக்கும் மற்ற உலகத்துக்கும் நடுவில் இருந்தது, ஆகவே இங்கிலீஷும் அதன்மேல் ரயிலேறித்தான் வந்தாக வேண்டும். பட்டணத்தில் விடியற்காலையில் வாசலில் விழுகிற 'ஹிந்து' எங்கள் ஊருக்குள் வெயில் நன்றாக ஏறிய பிறகு நுழையும். அதற்குள் செய்தி ஆறிப்போயிருக்கும், ஆனால் இங்கிலீஷ் கெட்டுப்போகாது என்று சொல்லி அதை வாங்கிப் படிக்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் படித்து முடித்த பேப்பர் எங்கள் இங்கிலீஷ் சாரிடம் போகும், சாரிடமிருந்து வகுப்புக்கு வரும், வகுப்பிலிருந்து மீன் கடைக்குப் போகும். இலக்கணத்துக்கு 'ரென் அண்ட் மார்ட்டின்'. அண்ணன் படித்து, அக்கா படித்து, அட்டை போய், முதல் பதினாறு பக்கமும் போய் எங்களிடம் வந்து சேர்ந்த அந்தப் புத்தகத்தின் ரென், பம்பாய் மாகாணத்தில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர் என்பதும், அதே மனிதர்தான் 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்று பிரெஞ்சு அயல்நாட்டுப் படையைப் பற்றிய பாலைவன சாகச நாவல் எழுதி உலகப் புகழ் பெற்றவர் என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மணல்காட்டில் துப்பாக்கிச் சண்டை எழுதத் தெரிந்த மனிதர், அதே மணல்காட்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு மட்டும் 'ஹி கோஸ் டு ஸ்கூல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாரே என்று அன்றைக்கு எனக்கு மனத்தாங்கல்.

ஆனால் அந்தக் குறையைத் தீர்க்க எங்கள் சார் இருந்தார். புத்தகத்து உதாரணங்களை அவர் அப்படியே விடமாட்டார், ஊர்த் தண்ணீரில் அலசித்தான் கொடுப்பார். என்றும் மாறாத உண்மைக்கும் வழக்கமான செயலுக்கும் 'சிம்பிள் பிரசன்ட்' என்பது விதி. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று உலகம் முழுக்கச் சொல்கிற உதாரணத்தைச் சொல்லிவிட்டு, விசைப்படகு திங்கள், புதன், சனி கடலுக்குப் போகிறது, மற்ற நாள் நாட்டுப்படகு போகிறது, இதுவும் சூரியன் மாதிரிதாண்டா என்பார். 'செயப்பாட்டுவினை' வந்தபோது பாம்பன் பாலத்தைக் கொண்டுவந்தார். கப்பல் வரும்போது ஆட்கள் இரும்புக் கழியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றித்தான் பாலத்தின் இரண்டு இறக்கைகளும் மேலே எழும்பும்; 'பாலம் திறக்கிறது' என்று எழுதாதே, பாலம் தானாக ஒன்றும் திறப்பதில்லை, வேர்வை சிந்தித் திறக்கிறார்கள், ஆகையால் 'தி பிரிட்ஜ் இஸ் பீயிங் ஓபண்ட்' என்று எழுது என்பார். 'பீயிங்' என்ற சொல்லை எங்கே போடுவது என்று தெரியாமல் தமிழ்நாடே தவித்த காலத்தில், எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கழி சுற்றும் ஆட்களை நினைத்துக்கொண்டு அதைச் சரியான இடத்தில் போட்டோம்.

2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி மோட்டாரில் இயங்கி, செங்குத்தாக மேலே போகிறது. யாரும் சுற்றுவதில்லை. 'தி பிரிட்ஜ் ஓபன்ஸ்' என்று இப்போது எழுதினால் அது பிழையும் இல்லை. முன்னேற்றம் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால், செயப்பாட்டுவினை ஒன்று குறைவது என்றுதான் சொல்வேன்.

'பாஸ்ட் பெர்ஃபெக்ட்' பாடத்துக்கு நாடு முழுக்க ஒரே உதாரணம்தான், உங்களுக்கும் நினைவிருக்கும்: நாங்கள் ஸ்டேஷனுக்கு வருவதற்குள் ரயில் போய்விட்டது, 'தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்'. மற்ற ஊர்களில் அது ஏமாந்தவன் வாக்கியம். எங்கள் தீவில் 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. அந்த ரயிலைத் தவறவிட்டதால்தான் பேரன் பேத்தி கண்டேன் என்று சொல்லிக்கொள்ளும் பெரியவர்களிடம் நாங்கள் மிட்டாய்க்குக் காசு வாங்கியிருக்கிறோம். சார் அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, 'ஹேட்' என்பதற்குக் கீழே கோடு போட்டு, "இது இந்த ஊர்ல கெட்ட சேதி இல்லடா" என்று மட்டும் சொன்னார். நடந்து முடிந்த இரண்டில் எது முந்தியது என்று பார்க்க வேண்டும் என்ற விதியை அதற்கப்புறம் எங்களுக்கு யாரும் அடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

'ஹேஸ் கான்', 'ஹேஸ் பீன்' வித்தியாசமும் அப்படித்தான் ஏறியது. போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் முதலாவது. போய்த் திரும்பிவிட்டார் என்றால் இரண்டாவது. பட்டணத்துப் பிள்ளைகள் இதை டில்லிக்கும் ஆக்ராவுக்கும் போனவர்களை வைத்துப் படித்திருக்கக்கூடும். எங்களுக்கு அப்பாக்கள் இருந்தார்கள். 'மை ஃபாதர் ஹேஸ் பீன் டு சீ' என்ற வீட்டில் குழம்பு கொதிக்கும், 'ஹேஸ் கான்' என்ற வீட்டில் அம்மா காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் அந்த ஒரு துணைவினை தெருவையே இரண்டாகப் பிரித்துவிடும். இங்கிலீஷ்காரனும் தீவில் இருக்கிறவன்தானே, கடலுக்குப் போனவனை நினைத்துத்தான் இப்படி இரண்டாக வகுத்திருப்பான் என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். ஆதாரம் ஒன்றும் கிடையாது, இன்றைக்கும் அந்த முடிவை மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சார் சிவப்பு மை போட மறுத்த பிழை ஒன்றும் உண்டு. 'ஐ வில் கோ அண்ட் கம்'. போயிட்டு வர்றேன் என்பதை அப்படியே இங்கிலீஷாக்கி நாங்கள் எழுதுவோம். இது தப்பு, 'ஐ ஆம் லீவிங்' என்று இருக்க வேண்டும் என்று ஒரு தரம் சொன்னார். சொல்லிவிட்டு, கடலுக்குப் போகிறவன் வீட்டு வாசலில் நின்று 'லீவிங்' என்று சொன்னால் அவன் ஆத்தா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வருவாள் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். பரீட்சையில் எழுதாதே, வீட்டில் சொல்லிக்கொள் என்று விட்டுவிட்டார்.

இப்படிப் படித்தவன் அடக்கமாக இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. கல்லூரிக்கு ரயிலேறிய ஒரே வருஷத்தில் தீவிலுள்ள வினைச்சொற்களுக்கெல்லாம் நானே காவல்காரன் என்ற எண்ணம் வந்துவிட்டது. சட்டைப்பையில் நீலப் பேனாவும் சிவப்புப் பேனாவும் குத்திக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையிலிருந்து சலூன் போர்டு வரை வாசித்துக்கொண்டே நடந்த அந்தப் பையனை இன்றைக்கு எதிரே பார்த்தால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். எங்கள் ஊர் மல்லிகை நாற்றுக்குப் பேர்போன ஊர். வெளி மாவட்டத்துக்கும் வெளி மாநிலத்துக்கும் கட்டுக்கட்டாகப் போகும். ஒரு நாற்றுப் பண்ணை வாசலில் 'பிளான்ட்ஸ் ஆர் செண்டிங் ஆல் ஓவர் இந்தியா' என்று பலகை தொங்கியது. உள்ளே போய், அண்ணே, செடிகள் யாரையும் அனுப்புவதில்லை, செடிகளைத்தான் நீங்கள் அனுப்புகிறீர்கள், ஆகவே 'ஆர் செண்ட்' என்று இருக்க வேண்டும் என்று வகுப்பெடுத்தேன். அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "இந்தப் போர்டு வெச்சு எம்புட்டோ வருசம் ஆச்சு தம்பி. ஒரு செடிகூட வழி தப்பிப் போனதில்ல" என்றார்.

இன்னொரு வழக்கு நண்பன் ஒருவனுடைய காதல் கடிதம். டவுனில் படித்த பெண், ஆகவே இங்கிலீஷில் இருந்தாக வேண்டும் என்று என்னிடம் வந்தான். அவன் எழுதி வைத்திருந்தது 'ஐ ஆம் லவ்விங் யூ'. மனநிலையைச் சொல்லும் வினைகளுக்கு 'இங்' சேர்க்கக் கூடாது. 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் ஹேவிங் டூ போட்ஸ்' எல்லாமே தப்பு. 'ஐ லவ் யூ' என்று எழுது என்றேன். அவனுக்குத் திருப்தியில்லை. "மச்சான், நான் இப்ப லவ் பண்ணிக்கிட்டுத்தானடா இருக்கேன்?" என்றான். விடிய விடிய விவாதம். கடைசியில் இலக்கணம் ஜெயித்தது, கடிதம் போயிற்று, பதில் வரவில்லை. பல வருஷம் கழித்து, 2003-இல், அமெரிக்க பர்கர் கம்பெனி ஒன்று 'ஐ ஆம் லவ்விங் இட்' என்பதைக் கோடிக்கணக்கில் செலவழித்து உலகம் முழுக்க விளம்பரம் செய்தபோது, வளைகுடாவில் வேலையில் இருந்த அந்த நண்பன் ஐ.எஸ்.டி. போட்டு என்னைத் திட்டினான்.

நம் வினைச்சொற்களை மேய்க்க வந்தவர்களில் நான் முதல் ஆள் இல்லை என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆறுதல். பம்பாய் சிவில் சர்வீஸில் இருந்த ஜார்ஜ் விட்வொர்த் என்பவர், இந்தியர்கள் இங்கிலீஷ் எழுதும்போது செய்கிற பிழைகளைத் திரட்டி 1907-இலேயே ஒரு புத்தகம் போட்டுவிட்டார். சிவப்பு மைக்கு வெள்ளைக்காரப் பரம்பரை உண்டு என்று தெரிந்தபோது என் சட்டைப்பை இன்னும் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டது.

என் கொட்டத்தை அடக்கியவர் கடல் தாண்டி வந்தார். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகு படகாக மக்கள் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம் நிறைந்தது. வந்தவர்களில் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர். யாழ்ப்பாணத்து இங்கிலீஷுக்கு வயது அதிகம். சென்னைப் பல்கலைக்கழகம் முதன்முதலாக பி.ஏ. பட்டம் கொடுத்த சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை இருவருமே அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள்தான். இவரோ மாற்று வேட்டி இல்லாமல் வந்தார், ஆனால் 'டென்ஸ்' பன்னிரண்டையும் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். சாயங்காலங்களில் ரயிலேறி வந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுவார். 'டிட் நாட் வென்ட்' என்று எவனாவது எழுதினால் கோபப்படமாட்டார். "தம்பி, தமிழிலை 'போகவில்லை' எண்டு சொல்லேக்கை, அந்தப் 'போக'விலை காலம் இருக்கோ? இல்லை. இங்கிலீசிலையும் அப்பிடித்தான். காலத்தை 'டிட்' தூக்கிக்கொண்டு போயிட்டுது, மிச்சம் வெறும் 'கோ'தான்" என்பார். எங்கள் தமிழே சரியாகக் காட்டிக்கொடுக்கிற இடத்தில் நாங்கள் விழுந்து எழுந்துகொண்டிருந்தோம் என்பது அதுவரை யாருக்கும் தெரியவில்லை. 'கேன் ஏபிள் டு' என்று எழுதினால், "ஒரு வள்ளத்துக்கு ரெண்டு சுக்கான் என்னத்துக்கு?" என்பார். அதன் பிறகு அந்த இரண்டையும் எங்கள் ஊரில் யாரும் ஒரே வாக்கியத்தில் ஏற்றவில்லை.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலீஷ்காரர்களே 'ஐ நோ நாட்' என்றுதான் சர்வசாதாரணமாக எழுதினார்களாம். இந்த 'டூ', 'டஸ்', 'டிட்' எல்லாம் மறுப்புக்குள் கட்டாயமாக வந்து உட்கார்ந்தது அதற்கப்புறம்தானாம். நேற்று வந்த சட்டத்துக்காகவா இத்தனை பிரம்படி பட்டோம் என்று பின்பெஞ்சு கொதித்தது.

ஆனால் விளையாட்டாக இல்லாத இங்கிலீஷும் எங்கள் ஊரில் இருந்தது. கச்சத்தீவு 1974-இல் இலங்கைக்குப் போனது, 1976-இல் மறு ஒப்பந்தம் வந்தது, கடலின் மேல் கோடு விழுந்தது. கோட்டைத் தாண்டினார்கள் என்று படகும் ஆட்களும் பிடிபட்டால், கலெக்டருக்கும் கொழும்பிலுள்ள இந்திய ஹைகமிஷனுக்கும் இங்கிலீஷில் மனு போக வேண்டும். அப்படி ஒரு படகுக்காரர் வந்து உட்கார்ந்தார். எஞ்சின் நின்றுபோய் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போன கதை. நான் வெகு சாமர்த்தியமாக 'தி போட் கிராஸ்ட்' என்று தொடங்கப் போனேன். வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். 'கிராஸ்ட்' என்று எழுதினால் இவர் வேண்டுமென்று தாண்டினார் என்று ஆகிவிடும், அது மனு இல்லை, வாக்குமூலம். சரி, 'தி போட் வாஸ் டிரிஃப்டட்' என்றேன். 'டிரிஃப்ட்' என்பதைச் செயப்பாட்டில் இப்படி எழுதக் கூடாது, வெறும் 'டிரிஃப்டட்'தான் என்றார். அதைத் தமிழில் சொல்லிக் காட்டினோம். படகுக்காரர் ஒப்பவில்லை. "அது தானாப் போகல சார். தண்ணி கொண்டு போயிருச்சு" என்றார். வாத்தியார் கொஞ்ச நேரம் யோசித்து, 'வாஸ் கேரீட் அவே பை தி கரன்ட்' என்று எழுதச் சொன்னார். இலக்கணமும் சரி, நடந்ததும் சரி. வினைத்தொடர் ஒன்றை மாற்றினால் ஒரு மனிதன் குற்றவாளிக் கூண்டிலிருந்து ஓர் அடி வெளியே வருகிறான் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். சிவப்புப் பேனாவால் பலகைகளைத் துரத்துவதை அதற்கப்புறம் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

எழுதிய மனுவைத் தட்டச்சு நிலையத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே இருந்த டைப்பிஸ்ட் அக்காதான் எங்களுக்குக் கிடைத்த முதல் பிழைதிருத்தும் கருவி. ஒரு மூலமும் மூன்று கார்பன் நகலும். கடைசி வரியில் தப்பு வந்தால் தாள் முழுவதும் திரும்ப அடிக்க வேண்டும். ஆகவே விரலை வைக்குமுன் முழுக்கப் படிப்பாள். "இங்க 'ஹேவ் செண்ட்'னு இருக்கே, கடைசியில 'டி'யா 'டி'யா?" என்று கேட்பாள், T, D எழுத்து இரண்டும் அவள் வாயில் ஒன்றுபோல ஒலித்தாலும், எதைக் கேட்கிறாள் என்று எங்களுக்கும் புரியும், எதை அடிக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும். அந்தக் காத்திருப்பில் ஒரு சுகம் இருந்தது. மெஷின் சத்தம், ரிப்பன் மை வாசனை, நம்முடைய வாக்கியம் நம் கையெழுத்தை விட்டு அச்சாக எழுந்து வரும்போது ஏற்படுகிற சின்ன கர்வம்.

இன்னும் அவசரம் என்றால் தந்தி. அங்கே வார்த்தைக்குக் காசு, ஆகையால் இலக்கணம் தானாகவே மெலிந்துவிடும். 'ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி'. 'இஸ்' கிடையாது, 'ஹேஸ்' கிடையாது, 'பிளீஸ்' கிடையாது. ரென்னும் மார்ட்டினும் அதைப் பார்த்தால் மயங்கி விழுவார்கள். வாங்கிப் படித்தவர்கள் உண்மையிலேயே விழுந்தார்கள். 2013 ஜூலையில் தந்தி சேவையை மூடினபோது பத்திரிகைகள் எல்லாம் இரங்கல் எழுதின. வினைச்சொல் ஒன்றே ஒன்று போதும் என்று நமக்குக் கற்றுக்கொடுத்த கடைசிப் பள்ளிக்கூடமும் அன்றைக்கு மூடப்பட்டது.

1988-இல் ரோட்டுப் பாலம் வந்தது. அதன்மேல் பஸ் வந்தது, 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' போஸ்டர் வந்தது, பிறகு கம்ப்யூட்டர் வந்து, எழுதியதற்குக் கீழே பச்சை நெளிகோடு போட்டது. டைப்பிஸ்ட் அக்கா கேட்ட கேள்வியைத்தான் அதுவும் கேட்டது, ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. 2022 கடைசியில் சாட்ஜிபிடி வந்தபின் கேள்வியும் போய்விட்டது. 'படகு காணோம், மனு எழுது' என்று தமிழில் போனிடம் சொன்னால், வினைச்சொற்கள் எல்லாம் இஸ்திரி போட்டு வரிசையில் நிற்கிற ஒரு மனு வந்துவிடுகிறது. போன வருஷம் ஒரு பையன் எனக்கு அப்படி ஒன்றைக் காட்டினான். பிழை என்று விரல் வைக்க இடமில்லை. 'திஸ் மெசேஜ் ஃபைண்ட்ஸ் யூ வெல்' என்று நலம் விசாரித்துத் தொடங்கியது. எஞ்சின் நின்றது, நீரோட்டம், ராத்திரி என்ன காற்று, ஆட்கள் எதைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள் என்பது எதுவும் அதில் இல்லை. தம்பி, உங்க சித்தப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். "அதெல்லாம் சொன்னாரு மாமா, ஆனா அத இங்கிலீஷ்ல சொன்னா தப்பாயிருமேன்னு விட்டுட்டேன்" என்றான்.

அந்தப் பதிலை நினைத்து நான் பல நாள் சிரித்தேன், பிறகு சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. நாங்கள் காய்ச்சலை வைத்துச் செய்த அதே காரியத்தை அவன் கையடக்கமான கருவியை வைத்துச் செய்திருக்கிறான். யாரோ எழுதிவைத்த சரியான வாக்கியத்துக்குப் பின்னால் சொந்த சங்கதியை ஒளித்துவைப்பது. எங்களுக்கு ஒரு வாக்கியம் இருந்தது, இவனுக்கு ஓராயிரம் இருக்கிறது. தேதி மாற்றும் வேலைகூட மிச்சமாகிவிட்டது. இந்த இரண்டு மனப்பாடத்துக்கும் நடுவில் கொஞ்ச வருஷம் இருந்தது, நாங்கள் தப்புத் தப்பாக எழுதிய காலம். 'கோ அண்ட் கம்' என்றும், 'வாஸ் டிரிஃப்டட்' என்றும், 'ஆர் செண்டிங்' என்றும் எழுதித் திட்டு வாங்கிய அந்த வருஷங்களில்தான் தங்கச்சிமடத்து விஷயம் இங்கிலீஷுக்குள் ஏறியது. திருத்தியவர்கள் இருந்தார்கள், திருத்தும்போது கதையையும் கேட்டுக்கொண்டார்கள். பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான், மனுவில் 'கிராஸ்ட்' விழுந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவன் அதை மறுக்க முடியாது. ஆனால் திருத்துவதற்கு முதலில் நாம் எழுதியது ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

எங்கள் ஊரைத் தாண்டி ராமேஸ்வரம் போகிற வண்டிகள் எல்லாம் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தில் நின்றுதான் போகின்றன. ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரத்து ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அந்த மனிதர், எங்கள் கடற்கரை உச்சரிப்பைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளாமல் அந்த இங்கிலீஷை ஜனாதிபதி மாளிகை வரை நடத்திக்கொண்டு போனார். அரங்கம் அரங்கமாகப் பிள்ளைகளைத் தன் பின்னால் திருப்பிச் சொல்லவும் வைத்தார். யாரும் சிவப்பு மை எடுக்கவில்லை. சொல்ல விஷயம் இருக்கிறவனிடம் வினைச்சொல் வாலை ஆட்டாது என்று சார் சொல்லுவார். அதற்கு ஊரிலேயே உதாரணம் இருந்தது.

இப்போது எங்கள் வீட்டுக் கதை. என் அக்கா மகள் நர்ஸ். கடற்கரைக் குடும்பங்களில் பெண்பிள்ளைகள் படித்துக் கரையேறிய வழி அதுதான். இங்கிலாந்துக்குப் போக அவளுக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் பேச்சிலும் வாசிப்பிலும் கேட்பதிலும் ஏழு, எழுத்தில் ஆறரை வேண்டியிருந்தது. எழுத்தில்தான் இடித்தது. நான் பரணிலிருந்து ரென் அண்ட் மார்ட்டினை இறக்கினேன். 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் 'அபவுட்' வராது, 'சின்ஸ்' வந்தால் தொடங்கிய நாள், 'ஃபார்' வந்தால் கழிந்த காலம், 'டூ', 'டஸ்', 'டிட்' வந்த இடத்தில் வினை வேஷம் போடாது என்று பழைய பாடமெல்லாம் நடத்தினேன். அவள் ஒரு காதில் என்னையும் மறு காதில் போனையும் கேட்டு, ஆறரை வாங்கி, போய்ச் சேர்ந்தாள். வெற்றி யாருடையது என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சில மாதம் கழித்து ராத்திரி வேலை முடித்துக் கூப்பிட்டாள். "மாமா, நீங்க சொல்லிக்கொடுத்ததெல்லாம் இங்க யாருமே பேசல" என்றாள். நோயாளிகள் 'வீ வாஸ் வெயிட்டிங்' என்கிறார்களாம். 'ஐ டன் இட்' என்கிறார்களாம். கூட வேலை பார்க்கிற வெள்ளைக்காரப் பெண் 'ஷுட் ஹேவ்' என்பதை 'ஷுட் ஆஃப்' என்று எழுதி அனுப்புகிறாளாம், ஒருவரும் கண்டுகொள்வதில்லையாம். தீவின் வினைச்சொற்களை இளமை முழுக்கக் காவல் காத்த எனக்கு ரத்தம் கொதித்தது. நீ திருத்தவில்லையா என்றேன். "எதுக்கு மாமா? அவங்க பாஷை, அவங்க தப்பு" என்று சிரித்தாள். நம்முடையது பிழை, அவர்களுடையது வட்டார வழக்கு. பாஷை சொந்தமானால் தப்பும் சொந்தமாகிவிடும் போலிருக்கிறது.

ஆனால் இதை அப்படியே விடுவதாக எனக்கு உத்தேசமில்லை. விட்வொர்த் துரை நம் பிழைகளைத் திரட்டிப் புத்தகம் போட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மரியாதைக்காவது நாம் பதில் மொய் எழுத வேண்டாமா? அக்கா மகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வார்டில் காதில் விழுவதையெல்லாம் தேதியோடு குறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். முகவுரை நான் எழுதுகிறேன். சிவப்புப் பேனாவில் மை இன்னும் இருக்கிறது.